பறவையின் பெயரா, பறவையின் தொழிலா? டாரட் படங்களைச் செட்டிநாட்டிலிருந்து வாசித்தல்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகள் ஒரு மதிய வேளையில் குறி பார்க்கும் டாரட் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள். தூணோரம் உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்த அப்பத்தா, அவற்றுள் ஒரே ஒரு சீட்டை மட்டும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்த்துக் குலுங்கும் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, பெரிய வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெண் தனியே நிற்கிறாள். உறையணிந்த கைமேல் ஒரு பறவை அமர்ந்திருக்கிறது. "இந்தப் பட்சிக்கு ஏன் ஆத்தா கண்ணைக் கட்டி வச்சிருக்கு?" என்று கேட்டார். கையேட்டைப் புரட்டிய தங்கை, "அது வல்லூறு அப்பத்தா, தொலைநோக்குன்னு அர்த்தம்" என்றாள். "கண்ணைக் கட்டிப்புட்டா அது எதைத்தான் பார்க்கும்?" என்று கேட்டுவிட்டு அப்பத்தா வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

டாரட் படங்களில் வரும் பறவைகளை எப்படி வாசிப்பது என்பதில் நான் படித்த பல விளக்கங்களைவிட இந்தக் கேள்வியே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. பறவைக் குறியீடு என்றதும் புறா என்றால் அமைதி, கழுகு என்றால் அதிகாரம், ஆந்தை என்றால் ஞானம் என்று அகராதி போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த அகராதி முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால், சீட்டை வரைந்தவர் பறவைக்குப் பெயர் எழுதி ஒட்டவில்லை. அதை ஓரிடத்தில் வைத்து, ஒரு வேலையைச் செய்ய வைத்திருக்கிறார். அந்த வேலையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால், கண் கட்டப்பட்ட பறவைக்குத் தொலைநோக்கு என்று பொருள் சொல்ல வேண்டிவரும்.

டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டின் வட இத்தாலியில். அது குறி சொல்லப் பிறந்ததன்று, சீட்டாடப் பிறந்தது. மிலான் அரச குடும்பத்துக்காக 1450ஐ ஒட்டி வரையப்பட்ட சீட்டுகளில் பேரரசியின் கேடயத்திலும் பேரரசரின் தொப்பியிலும் கருங்கழுகு இருக்கிறது. அது புனித ரோமப் பேரரசின் இலச்சினை. பாண்டியனுக்கு மீனும் சோழனுக்குப் புலியும் போல. பின்னால் பிரான்சில் பரவிய மார்செய் வகைச் சீட்டுகளிலும் அந்தக் கழுகுக் கேடயம் தொடர்ந்தது. இன்று உலகெங்கும் பெரும்பாலோர் கையில் இருக்கும் ரைடர்–வெயிட் தொகுப்பு 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் கருத்துச் சொல்ல, படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். அதில் பேரரசியின் கேடயத்திலிருந்து கழுகு போய், வெள்ளிக் கோளின் குறி வந்துவிட்டது. மொத்தம் 78 சீட்டுகள்; தனித்தனிப் பெயருள்ள 22 பெருஞ்சீட்டுகள், கோப்பை, வாள், காசு, கோல் என நான்கு வகையாக வரும் 56 சிறுசீட்டுகள். சிறுசீட்டுகளில் எண்ணுக்கேற்ற கோப்பைகளையும் வாள்களையும் வெறுமனே அடுக்கிவைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக வரைந்தவர் ஸ்மித். வானத்திலும் மரத்திலும் மணிக்கட்டிலும் பறவைகள் வந்து அமர இடம் கிடைத்ததற்கு அவருடைய கைதான் காரணம் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

அப்பத்தா எடுத்த சீட்டு 'நைன் ஆஃப் பென்டகிள்ஸ்', அதாவது ஒன்பது காசு. இதைப் பற்றி எழுதும்போது வெயிட், பறவையைக் குறித்து அது பெண்ணின் கைமேல் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறார். பறவையின் தலையில் சிறு தோல் குல்லா மாட்டியிருப்பதை வரைந்து காட்டியவர் ஸ்மித். ஐரோப்பிய மேட்டுக்குடியினர் வல்லூறு வைத்து வேட்டையாடிய காலத்தில், அந்தக் குல்லா தண்டனைக்காகப் போடப்பட்டதன்று. கண்ணில் பட்டதற்கெல்லாம் சிலிர்த்துப் பறக்கத் துடிக்கும் பறவையை அமைதிப்படுத்தவும், இரை எழும் நேரத்தில் மட்டும் அதை அவிழ்த்துவிடவும் செய்த ஏற்பாடு அது. குல்லாவைக் கழற்றும் உரிமை பறவையை ஏந்தியிருப்பவருடையது. ஆகவே இந்தச் சீட்டில் வல்லூறு சொல்வது, பாயும் ஆற்றலைப் பாயாமல் அடக்கி வைத்திருக்கும் பழக்கத்தை. தோட்டம் விளைந்திருப்பதும் அந்தப் பழக்கத்தால்தான் என்று படிக்கலாம். அந்தப் பெண்ணுக்குத் துணையாக வேறு ஒருவரும் படத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செட்டிநாட்டுக்காரர் ஒருவருக்கு இந்தப் படம் அந்நியமாகத் தெரிய வாய்ப்பில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய், ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம் திரும்பாமல் இருந்த காலத்தில், பர்மாத் தேக்கு நிலை வைத்த வீடுகளின் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை சாவிக்கொத்தோடு நடந்தவர்கள் ஆச்சிமார். நெல் வரவு, வட்டி வரவு, பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் வைத்தியம் எல்லாம் அவர்கள் கணக்கில் இருந்தன. வசதிக்குக் குறைவில்லை, பேச்சுத் துணைக்குத்தான் குறை. ஒன்பது காசுச் சீட்டை வெறும் செல்வச் சீட்டு என்று சொல்லும் விளக்கத்தை என்னால் ஏற்க முடியாததற்கு, அந்த வீடுகளில் நான் கேட்டு வளர்ந்த கதைகளும் ஒரு காரணம். கண் கட்டிய பறவையை ஏந்தியிருக்கும் கை, வெளியே போக முடியாத ஒரு பறவைக்குப் பக்கத்தில் தானும் போகாமல் நிற்கிறது.

பறவையைத் தொழிலால் படிக்கும் இந்த முறை தமிழுக்குப் புதிதன்று. சித்தர் மரபோடு சேர்த்துச் சொல்லப்படும் பஞ்சபட்சி சாஸ்திரத்தில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்தே பறவைகள். பிறந்த நட்சத்திரத்தையும் பிறையையும் வைத்து ஒருவருக்கு ஒரு பட்சி அமையும். ஆனால் பட்சி இன்னதென்று தெரிந்துவிட்டால் பலன் தெரிந்துவிடாது. ஒரு பகலை ஆறு ஆறு நாழிகையாக, அதாவது 2 மணி 24 நிமிடமாக, ஐந்து சாமங்களாகப் பிரித்து, ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் ஐந்து தொழில்களில் அந்தப் பட்சி அந்தச் சாமத்தில் எதைச் செய்கிறது என்று பார்த்த பிறகுதான் வாய் திறப்பார்கள். மயில் என்பதற்காக அது எப்போதும் உயர்ந்ததில்லை. சாவில் இருக்கும் மயிலைவிட அரசில் இருக்கும் ஆந்தைக்கு அந்த நேரத்தில் வலிமை அதிகம். நம் ஊரில் கெட்ட சகுனம் என்று விரட்டப்படும் ஆந்தைக்கும் அரசு செய்யும் நேரம் உண்டு என்று ஒரு சாஸ்திரம் எழுதி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இதனால் டாரட் சீட்டில் உள்ள வல்லூற்றைப் பஞ்சபட்சி வல்லூறாக மாற்றி, சாமம் பார்த்துப் பலன் சொல்லலாம் என்று ஆகிவிடாது. அப்படிச் சில இடங்களில் கலந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு மரபுகளுக்கும் அது நியாயம் செய்வதில்லை. பஞ்சபட்சியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பலனை அன்று, கேள்வி கேட்கும் பழக்கத்தை: பட்சி இன்னது, சரி, அது இப்போது என்ன செய்கிறது?

இந்தக் கேள்வியோடு கோப்பைச் சீட்டுகளில் முதலாவதான 'ஏஸ் ஆஃப் கப்ஸ்' படத்தைப் பார்க்கலாம். மேகத்திலிருந்து நீண்ட ஒரு கை கோப்பையை ஏந்தியிருக்கிறது. ஒரு வெண்புறா தலைகீழாக இறங்கிவந்து, சிலுவைக் குறியிட்ட ஓர் அப்பத்தைக் கோப்பைக்குள் இடப் போகிறது. இந்தப் புறா கிறித்தவ மரபின் தூய ஆவி. அப்பம் திருப்பலியில் தரப்படும் நற்கருணை. சிபிச் சக்கரவர்த்தியின் மடியில் வந்து விழுந்த புறாவை இங்கே நினைத்துக்கொண்டால் பொருள் திசைமாறிவிடும். அந்தப் புறா அடைக்கலம் கேட்டு வந்தது. இந்தப் புறா கொடுக்க வருகிறது. இரண்டும் ஒரே பறவை, இரண்டும் கீழ்நோக்கித்தான் வருகின்றன, தொழில் மட்டும் நேர் எதிர்.

கழுகு இரண்டு பெருஞ்சீட்டுகளில் மூலையில் இருக்கிறது. பத்தாம் எண்ணான 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' சீட்டிலும் 21ஆம் எண்ணான 'வேர்ல்ட்' சீட்டிலும் மனிதன், கழுகு, சிங்கம், எருது என நால்வர் நான்கு மூலைகளைக் காக்கிறார்கள். விவிலியத்தில் எசேக்கியேல் கண்ட காட்சியிலிருந்து வந்த இவர்கள் நான்கு நற்செய்தியாளர்களுக்கும் அடையாளமானவர்கள், கழுகு யோவானுக்குரியது. கோயில் கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் நீர் ஊற்றும் முன் கருடன் வட்டமிடுகிறதா என்று வானத்தைப் பார்த்து நிற்கும் நமக்கு, கழுகென்றால் வந்து சாட்சி சொல்லும் பறவை என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. சீட்டிலுள்ள கழுகு பறந்து வரவில்லை. சக்கரச் சீட்டில் மற்ற மூவரைப் போலவே அதுவும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருக்கிறது. உலகச் சீட்டில் புத்தகமும் இல்லை, மேகத்திலிருந்து தலை மட்டும் தெரிகிறது. சுழற்சி நடக்கும்போது படித்துக்கொண்டிருந்தது, சுழற்சி முடிந்ததும் படிப்பை முடித்துவிட்டது என்று நான் வாசிக்கிறேன். இவ்வளவு போதும், மூலைக் கழுகுக்கு இதற்குமேல் பாரம் ஏற்றத் தேவையில்லை.

அதிகம் நின்று பார்க்க வேண்டிய பறவை 17ஆம் எண்ணான 'ஸ்டார்' சீட்டில் இருக்கிறது. ஒரு பெண் மண்டியிட்டு, ஒரு குடத்து நீரைக் குளத்திலும் மற்றொரு குடத்து நீரைத் தரையிலும் ஊற்றுகிறாள். அவளுக்குப் பின்னால் மேட்டில் ஒரு மரம். அதன் உச்சியில் நகக்கண் அளவுக்கு ஒரு பறவை. இது எகிப்தியரின் அறிவுக் கடவுளும் எழுத்தின் கடவுளுமான தோத்துக்குரிய ஐபிஸ் பறவை என்று கையேடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. வெயிட் தன் விளக்கத்தில் ஐபிஸ் என்று சொல்லவே இல்லை. ஒரு செடி அல்லது மரம், அதில் ஒரு பறவை வந்தமர்கிறது என்றே எழுதினார். மார்செய் சீட்டிலும் இதே இடத்தில் மரத்தில் ஒரு பறவை உண்டு. டாரட்டின் பூர்வீகம் எகிப்து என்ற கதையை 1781இல் பாரிசில் கூர் த ஜெபலென் என்பவர் கிளப்பினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியோன் படித்தறிந்ததோ 1822இல்தான். எனவே ஐபிஸ் படத்திலிருந்து கதைக்குப் போனதைவிட, கதையிலிருந்து படத்துக்கு வந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது. வெயிட் பழகிய மறைஞானக் குழுவினருக்கு எகிப்தின்மேல் தீராத மோகம் இருந்ததால், ஐபிஸ் என்று வாசிப்பவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஐபிஸின் நெருங்கிய உறவுப் பறவையைப் பார்க்க நாம் நைல் நதிக்குப் போக வேண்டியதில்லை. திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு மழைக்காலம் முடியும் தறுவாயில் போனால், கருவேல மரங்களின் தலையில் வெள்ளை அரிவாள் மூக்கன்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம்: கரிய வழுக்கைத் தலை, அரிவாள் போல வளைந்த அலகு, தண்ணீரில் நிழல் விழும் வெள்ளை உடல். நத்தைகொத்தி நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் அதே மரங்களில் கூடு வைக்கின்றன. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் கண்மாய்களைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், பறவைகள் மிரண்டுவிடும் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல தலைமுறைகளாகக் காத்துவரும் கட்டுப்பாடு அது.

அந்தக் கரையில் நின்று பார்த்த பிறகுதான் நட்சத்திரச் சீட்டின் பறவை எனக்குப் புரிந்தது. வானில் வட்டமடிக்கும் நாரை எல்லா மரத்திலும் இறங்கிவிடுவதில்லை. இரண்டு முறை, மூன்று முறை சுற்றி வந்து, கால்களை நீட்டி, சிறகை மடக்காமல் கொஞ்ச நேரம் கிளைமேல் தத்தளித்து, பிறகுதான் உடலின் எடையைக் கிளைக்குக் கொடுக்கும். ஒரு பறவை மரத்தில் அமர்வதென்பது அந்த இடத்தில் ஆபத்து நீங்கிவிட்டது என்று அது தந்திருக்கும் தீர்ப்பு. டாரட் வரிசையில் நட்சத்திரத்துக்கு முந்தைய 16ஆம் சீட்டு 'டவர்': இடி விழுந்து, கோபுரத்தின் உச்சி பிளந்து, தீப்பற்றி, இருவர் தலைகுப்புற விழும் காட்சி. அதை அடுத்து வரும் சீட்டில் இடியோசையோ புகையோ இல்லை. ஒரு பறவை மரத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. வெயிட் எழுதிய 'வந்தமர்கிறது' என்ற வினைச்சொல் எனக்கு ஐபிஸ் என்ற பெயரைவிடப் பெரிதாகத் தெரிவது இதனால்தான். நட்சத்திரம் என்றால் நம்பிக்கை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் படத்துக்குள்ளேயே இருக்கும் ஆதாரம் அந்தச் சின்னப் பறவை. அது பெண்ணின் முதுகுப் பக்கம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். அவள் பார்வை நீரில் இருக்கிறது. பறவை வந்ததை அவள் இன்னும் அறியவில்லை.

வாள் சீட்டுகளில் பறவைகளுக்கு இனமே கிடையாது. வானத்தில் இரண்டு வளைகோடுகளாக மட்டும் இருக்கின்றன. வாள் காற்றுக்கும் சிந்தனைக்கும் உரிய வகை என்பதால் பறவைகள் எண்ணங்களைக் குறிக்கின்றன என்பது பொதுவான விளக்கம், அது சரியாகவே பொருந்துகிறது. இங்கே பார்க்க வேண்டியது எண்ணிக்கையும் உயரமும். இளம் ஏவலனான 'பேஜ்' தலைக்குமேல் பறவைகள் கூட்டமாகக் கலைந்து பறக்கின்றன. அரசிக்குமேல் ஒரே ஒரு பறவை, மேகங்களை விட்டு வெகுதூரம் மேலே. அரசனுக்கு இரண்டு. ஆயிரம் யோசனையோடு கையில் வாளைத் தூக்கியிருக்கும் பிள்ளைக்கும், ஒரே யோசனையோடு வாளை நேராகப் பிடித்திருக்கும் பெண்ணுக்கும், இரண்டு பக்கத்து வாதத்தையும் கேட்டாக வேண்டிய அரசனுக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்மித் நான்கைந்து கோடுகளில் காட்டிவிட்டார் என்று தோன்றுகிறது. இது என் வாசிப்பு. வெயிட் இந்தப் பறவைகளுக்குப் பொருள் எழுதி வைக்கவில்லை.

புதிதாக வரும் தொகுப்புகளில் காகமும் மயிலும் நிறைய வருகின்றன. தமிழ் வாசகருக்குச் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். ஐரோப்பியக் கற்பனையில் அண்டங்காக்கை போர்க்களத்துக்கும் சாவுக்கும் உரிய பறவை. நமக்குக் காகம் அமாவாசைச் சோற்றை எடுக்க வரும் முன்னோர். அது கரைந்தால் விருந்து வரும். காக்கை கரைந்ததைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற நச்செள்ளையார் குறுந்தொகையில் இருக்கிறார். மயிலோ அங்கே ஒருபுறம் அழியாமைக்கும் மறுபுறம் தற்பெருமைக்கும் அடையாளம். மயில் வடிவ மலை என்று சொல்லப்படும் குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டு வளர்ந்தவர் மயிலைக் கண்டதும் தற்பெருமையை நினைக்க மாட்டார். இத்தகைய இடங்களில், சீட்டை வரைந்தவர் எந்த மரபில் நின்று வரைந்தார் என்பதை முதலில் கேட்டு, அந்தப் பொருளைச் சொல்லிவிட்டு, பிறகே நம் பொருளைத் தனியாக வைப்பது நேர்மை. காகம் உணவை எடுக்கிறதா, காவல் இருக்கிறதா, விலகிப் பறக்கிறதா என்று தொழிலைப் பார்த்தால் இரண்டு மரபுகளும் பல நேரம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன.

கிளி ஜோசியத்தில் இந்த விஷயம் இன்னும் வெளிப்படை. கிளி மதுரை மீனாட்சியின் கையில் இருக்கிறது, ஆண்டாளின் தோளில் இருக்கிறது, எங்கள் பக்கத்து வீடுகளின் தேக்கு நிலைகளில் கஜலட்சுமிக்கு இருபுறமும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஜோசியரிடம் உட்காரும்போது கிளிக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. கூண்டு திறக்கிறது, கிளி நடந்து வருகிறது, ஒவ்வொரு அட்டையாக அலகால் தள்ளுகிறது, ஒன்றில் நிற்கிறது, இழுத்துக் கொடுத்துவிட்டு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது. அது செய்ததுதான் குறி. பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; சிறகு நறுக்கிய கிளியிடம் நாம் எதிர்காலம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தொழிலைப் பார்த்து வாசிப்பதன் பயன், சீட்டு தலைகீழாக விழும்போது நன்றாகத் தெரியும். பெயரை மட்டும் வைத்திருப்பவர், நேராக இருந்தால் அமைதி, கவிழ்ந்தால் அமைதியின்மை என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். படத்தைப் பார்ப்பவருக்கு அங்கே வேறு காட்சி கிடைக்கிறது. கோப்பைச் சீட்டைக் கவிழ்த்தால், இறங்கிக்கொண்டிருந்த புறா அப்பத்தோடு மேலே போகிறது. தர வந்தது தராமலே திரும்புகிறது. வாள் அரசியைக் கவிழ்த்தால், தலைக்கு மேலிருந்த ஒற்றைப் பறவை அவளுக்கு அடியில் கிடக்கிறது. தெளிவாக இருந்த ஒரே எண்ணத்தின் மேலேயே அவள் விழுவது போலிருக்கிறது. நட்சத்திரம் கவிழ்ந்தால் மரமே பறவைமேல் நிற்கிறது. அதைப் பறவை இன்னும் அமரவில்லை என்று வாசிப்பேன்.

அன்று மாலை தங்கை ஒன்பது காசுச் சீட்டையும் அப்படித் திருப்பி வைத்தாள். பெண், வீடு, திராட்சைக் குலைகள் எல்லாம் கீழே விழுவது போலத் தெரிந்தன. வல்லூறு மட்டும் விழவில்லை. குல்லா மாட்டிய தலையோடு, உறையணிந்த கையைக் கால்களால் பற்றியபடி தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி விழுந்த சீட்டுக்குப் பலன் சொல்லும்போது, கை பறவையைப் பிடித்திருக்கிறதா, பறவை கையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுவருபவரிடமே கேட்கும்படி அவளுக்குச் சொன்னேன்.